மருந்துக் காப்புரிமை செல்லாது என்று நீதிமன்றத்தில் நிரூபிக்க உண்மையில் என்ன வேண்டும்?

#1 வாசல்படி

எல்லோருக்கும் வணக்கம். என் அக்கா ஒரு மருந்தைத் தினமும் எடுத்துக்கொள்கிறார், ஆயுள் முழுக்க எடுக்க வேண்டியது. அந்த மூலக்கூறின் காப்புரிமை முடிந்துவிட்டது, இனி ஜெனரிக், அதாவது மற்ற நிறுவனங்கள் செய்யும் அதே மருந்து, வந்துவிடும் என்று நம்பிக் காத்திருந்தோம். வரவில்லை. தோண்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அதே மருந்தின் ஒரு குறிப்பிட்ட உப்புக்கு இரண்டாவதாக ஒரு காப்புரிமை இருக்கிறது, அது இன்னும் சில வருடம் ஓடும்.

எனக்குச் சட்டமும் தெரியாது, வேதியியலும் பள்ளிக்கூடத்தோடு சரி. ஒரு நண்பர், "விலை இவ்வளவு அதிகம் என்று நீதிமன்றத்தில் காட்டினாலே போதும், ரத்து செய்துவிடுவார்கள்" என்கிறார். இன்னொருவர், "அரசாங்கமே ஆராய்ந்து கொடுத்தது, யாராலும் அசைக்க முடியாது" என்கிறார். இதில் வேலை செய்தவர்கள் யாராவது இருந்தால் கொஞ்சம் பொறுமையாகச் சொல்லுங்கள்.

#2 குடுவை

உங்கள் நண்பர்கள் இருவர் சொன்னதும் சரியில்லை. நான் வேதியியல் ஆள், பல வருடம் ஆய்வகத்தில் இருந்துவிட்டு அப்புறம் இந்த வழக்குகளுக்கு ஆவணம் தேடிக் கொடுக்கும் வேலைக்கு வந்தேன், அதனால் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் விலை. மருந்து எட்டாத விலையில் இருப்பது பெரிய அநியாயம், அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் காப்புரிமை செல்லுமா செல்லாதா என்ற கேள்விக்குள் விலை வராது. வழக்கு முடியும்வரை ஜெனரிக்கை விற்கக்கூடாது என்று இடைக்காலத் தடை கொடுக்கலாமா என்று பார்க்கும்போது பொதுநலன் என்று ஓரளவு பேசலாம், கட்டாய உரிமம் (காப்புரிமைக்காரரின் சம்மதம் இல்லாமலே வேறொருவர் செய்ய அரசு தரும் அனுமதி) கேட்கும்போது பேசலாம், அவை வேறு வழக்குகள். செல்லுபடியை உடைக்க வந்தவர் கையில் இருக்க வேண்டியது இரண்டே இரண்டு: ஒரு ஆவணம், அந்த ஆவணத்தின் தேதி. விலையைப் பற்றி முதல் இருபது பக்கம் எழுதிக்கொண்டு வந்த மனுக்களைப் பார்த்திருக்கிறேன். நல்ல மனசோடு எழுதியதுதான், ஆனால் நீதிபதி இருபத்தோராம் பக்கத்திலிருந்துதான் படிக்க ஆரம்பிப்பார்.

இரண்டாவது, "அரசாங்கம் ஆராய்ந்து கொடுத்தது". ஆராய்ந்தவர் ஒரு பரிசோதகர். அவருக்கு ஒரு விண்ணப்பத்துக்குக் கிடைக்கும் நேரம் சில மணிகள், சில நாட்கள். அந்த நேரத்துக்குள் கண்ணில் பட்டதை வைத்து முடிவெடுக்கிறார். அதனால்தான் ஏறக்குறைய எல்லா நாட்டுச் சட்டமும் கொடுத்த காப்புரிமையைத் திரும்பத் திறந்து பார்க்க வழி வைத்திருக்கிறது. இந்தியச் சட்டத்தில் 13(4) என்ற பிரிவு, காப்புரிமை கொடுத்ததாலேயே அது செல்லும் என்று நாங்கள் உத்தரவாதம் தரவில்லை என்று வெளிப்படையாகவே சொல்கிறது. அமெரிக்காவில் நிலைமை கடினம். அங்கே செல்லும் என்ற அனுமானத்தோடுதான் வழக்கு தொடங்கும், அதை உடைக்கத் "தெளிவான, உறுதியான" சான்று வேண்டும் என்று 2011-இல் மைக்ரோசாஃப்ட் எதிர் ஐ4ஐ வழக்கில் உச்ச நீதிமன்றம் அழுத்திச் சொல்லிவிட்டது. கடினம் என்றாலும் அங்கேயும் மருந்துக் காப்புரிமைகள் விழுந்திருக்கின்றன.

நீங்கள் முதலில் செய்ய வேண்டியது, அந்த இரண்டாவது காப்புரிமையின் கடைசிப் பக்கங்களில் இருக்கும் உரிமைக்கோரல்களை, அதாவது கிளைம்களை, சொல் சொல்லாகப் படிப்பது. தலைப்பையும் முன்னுரையையும் விட்டுவிடுங்கள். சண்டை முழுக்க அந்தக் கிளைம்களின் மேல்தான். அடுத்தது முன்னுரிமைத் தேதி. உலகில் முதன்முதலில் அந்த விண்ணப்பம் எங்கே எந்த நாளில் போடப்பட்டதோ, அந்த நாளுக்கு முன் உலகத்துக்குத் தெரிந்திருந்தது என்ன என்பதுதான் கேள்வி. அதற்கு மறுநாள் வெளிவந்த கட்டுரை எவ்வளவு அருமையானதாக இருந்தாலும் பயன்படாது.

#3 சிறுதுளி

தொடங்கியவருக்கு: நாங்களும் இதே நிலையில்தான் இருந்தோம், தைரியமாக இருங்கள்.

குடுவை சார், ஒரு அடிப்படைச் சந்தேகம். மருந்து அதேதான் என்றால் உப்பை மாற்றியதற்கு எப்படிக் காப்புரிமை கிடைக்கிறது? என் அறிவுக்கு அது எட்டவே இல்லை.

#4 குடுவை

நல்ல கேள்வி. பல மருந்து மூலக்கூறுகள் தனியாக இருந்தால் தண்ணீரில் சரியாகக் கரையாது, மாத்திரையாக நிற்காது, ஈரம் பட்டால் கெட்டுப்போகும். அதனால் ஒரு அமிலத்தோடு சேர்த்து உப்பாக மாற்றுவார்கள். உடலுக்குள் போய் வேலை செய்வது அதே மூலக்கூறுதான், கூட வந்த அமிலம் பெரும்பாலும் வாகனம் மாதிரி. எந்த உப்பு நன்றாக வரும் என்று தேடுவது மருந்து ஆய்வகங்களில் அன்றாட வேலை, அதற்கென்று பட்டியலே உண்டு.

இதைப் புரிந்துகொள்ள அம்லோடிபின் வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். இரத்த அழுத்த மாத்திரை, எல்லோருக்கும் தெரிந்தது. ஃபைசரின் முந்தைய காப்புரிமையிலேயே அம்லோடிபின் இருந்தது, அதில் விரும்பத்தக்க உப்பாக மேலியேட்டைச் சொல்லியிருந்தார்கள். ஆனால் மாத்திரை அடிக்கும்போது மேலியேட் கலவை இயந்திரத்தின் அச்சில் ஒட்டிக்கொண்டது, பொருளும் நாளடைவில் சிதைந்தது. அதனால் வேறு உப்புகளைத் தேடிப் பெசிலேட்டைப் பிடித்தார்கள். அந்தப் பெசிலேட்டுக்குத் தனிக் காப்புரிமை.

அபோடெக்ஸ் என்ற ஜெனரிக் நிறுவனம் அது செல்லாது என்று அமெரிக்காவில் வாதிட்டது. கையில் இருந்த முக்கிய ஆவணம் 1977-இல் வந்த ஒரு ஆய்வுக் கட்டுரை, மருந்துகளில் பயன்படுத்த ஒப்புதல் பெற்ற 53 எதிரயனிகளின், அதாவது மருந்தோடு சேர்ந்து உப்பை உண்டாக்கும் அயனிகளின், பட்டியல் அதில் இருந்தது. பட்டியலில் பெசிலேட்டும் உண்டு. ஃபைசர் என்ன சொன்னது? பெசிலேட் அந்தக் காலத்தில் 0.25 சதவீத மருந்துகளில்தான் இருந்தது, யாரும் அந்தப் பக்கம் போயிருக்க மாட்டார்கள், தவிர எந்த உப்பு எப்படி இருக்கும் என்று முன்கூட்டிச் சொல்லவே முடியாது என்றது. கீழ்நீதிமன்றம் அதை ஏற்றது. 2007 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பைத் திருப்பியது. அச்சில் ஒட்டுகிறது என்ற பிரச்சினை கண்முன் இருக்கிறது, உப்பை மாற்றிப் பார்ப்பது தெரிந்த வழி, தேட வேண்டிய இடமோ சிறியது. வெற்றி கிடைக்கும் என்ற நியாயமான எதிர்பார்ப்பு இருந்தால் போதும், முழு நிச்சயம் தேவையில்லை என்றார்கள்.

ஒரு மாத்திரை அச்சில் ஒட்டிக்கொண்டதும், ஒரு பழைய கட்டுரையின் அட்டவணையும். கோடிக்கணக்கான நோயாளிகள் சாப்பிடும் மருந்தின் கதி அந்த இரண்டில் தீர்ந்தது.

#5 உரைகாரர்

குடுவை சொன்ன வழக்கு உண்மை, ஆனால் ஒரு பக்கம் மட்டும் கேட்டால் தொடங்கியவர் தவறான தைரியத்தோடு போய்விடுவார். நான் காப்புரிமை விண்ணப்பம் எழுதுகிறவன், அதாவது எதிர்ப்பக்கம்.

விடை தெரிந்த பிறகு எல்லாமே எளிதாகத்தான் தெரியும். இன்றைக்கு உட்கார்ந்துகொண்டு "இதை யார் வேண்டுமானாலும் செய்திருப்பார்கள்" என்று சொல்வது பின்னோக்கிய பார்வை. அதைத்தான் நீதிமன்றங்கள் முதலில் சந்தேகப்படுகின்றன. இரத்தம் உறைவதைத் தடுக்கும் குளோபிடோக்ரெல் மருந்தின் அமெரிக்க வழக்கைப் பாருங்கள். சனோஃபியின் பழைய காப்புரிமையில் இரண்டு கண்ணாடிப் பிம்ப மூலக்கூறுகளின் கலவை இருந்தது. பிறகு அவற்றைப் பிரித்து ஒன்றுக்கு மட்டும் காப்புரிமை வாங்கினார்கள். "கலவை தெரிந்ததுதானே, பிரிப்பதும் தெரிந்ததுதானே" என்று அபோடெக்ஸ் வாதிட்டது. ஆனால் பலன் முழுக்க ஒரு பக்கத்திலும் நச்சுத்தன்மை மறுபக்கத்திலும் இருக்கும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியாது என்று சான்று இருந்தது. 2008-இல் காப்புரிமை செல்லும் என்றே தீர்ப்பானது. அதற்கு முன்பே, 2006 ஆகஸ்டில், அபோடெக்ஸ் துணிந்து மருந்தை விற்பனைக்கு விட்டிருந்தது. சில வாரங்களில் தடை வந்தது, கடைசியில் இழப்பீடாக மட்டும் 44 கோடி டாலருக்கு மேல் கட்ட நேர்ந்தது.

ஆகவே உப்பு என்றால் விழும், படிகம் என்றால் விழும் என்று சூத்திரம் எதுவும் கிடையாது. எதிர்பாராத பலன் ஒன்றை எதிர்த்தரப்பு காட்டினால் என்ன செய்வீர்கள் என்பதற்கு முதலிலேயே பதில் வைத்திருக்க வேண்டும்.

#6 குடுவை

உரைகாரர் சொன்னதை அப்படியே ஏற்கிறேன், சரியான எச்சரிக்கை. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். எதிர்பாராத பலன் என்று சொல்லும் தரவை எதோடு ஒப்பிட்டிருக்கிறார்கள் என்று கட்டாயம் பாருங்கள். நான் பார்த்த பல விண்ணப்பங்களில் புதிய உப்பை அதற்கு மிக நெருங்கிய பழைய உப்போடு ஒப்பிட்டிருக்க மாட்டார்கள், உப்பே இல்லாத வெறும் மூலக்கூறோடு ஒப்பிட்டிருப்பார்கள். அப்படி ஒப்பிட்டால் எந்த உப்பும் அற்புதமாகத்தான் தெரியும்.

இரத்தப் புற்றுநோய் மருந்து இமாட்டினிப் விஷயத்தில் இது அப்படியே நடந்தது. அது ரத்து வழக்கு இல்லை, விண்ணப்பத்தை மறுத்ததை எதிர்த்து நோவார்டிஸ் இந்திய உச்ச நீதிமன்றம் வரை போனது, ஆனால் பாடம் ஒன்றுதான். அதன் உப்பின் பீட்டா படிக வடிவம் உடலில் 30 சதவீதம் கூடுதலாக உறிஞ்சப்படுகிறது என்றார்கள். எதைவிட என்று பார்த்தால், உப்பாக மாற்றாத இமாட்டினிப்பைவிட. 2013 ஏப்ரல் 1 அன்று வந்த தீர்ப்பு, இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவு கேட்கும் கூடுதல் செயல்திறன் என்றால் மருந்துக்கு அது நோயைக் குணமாக்கும் திறனே, வெறும் உறிஞ்சுதல் கணக்கு போதாது, அந்தக் கூடுதல் உறிஞ்சுதல் சிகிச்சையில் என்ன பலன் தந்தது என்று காட்ட வேண்டும் என்றது.

அதே தீர்ப்பில் இன்னொன்றும் உண்டு, அதை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. அதே நிறுவனம் அமெரிக்காவில் இமாட்டினிப் மூலக்கூறுக்கு 1996-இல் கிடைத்த காப்புரிமையின் காலத்தை நீட்டிக்க விண்ணப்பித்தபோது, விற்பனையில் இருக்கும் மருந்து அந்தப் பழைய காப்புரிமைக்குள் வருகிறது என்று எழுதிக் கொடுத்திருந்தது. இங்கே வந்து அது பழையதில் இல்லை என்றது. அந்தப் படிவம் நீதிமன்றத்தில் அதற்கு எதிராகவே நின்றது.

#7 வாசல்படி

மிக்க நன்றி. கிளைம்களைப் படித்தேன், மூன்று முறை. முதல் கிளைம் நான் நினைத்ததைவிடப் பெரியது. ஒரு பொது வாய்பாடு போட்டு, "இந்த இடத்தில் இதில் ஏதாவது ஒன்று, அந்த இடத்தில் அதில் ஏதாவது ஒன்று" என்று போய்க்கொண்டே இருக்கிறது. கடைசியில் ஒன்பதாவது கிளைமில்தான் அக்கா சாப்பிடும் உப்பின் பெயர் தனியாக வருகிறது. இப்படி எழுதலாமா? எல்லாவற்றையும் அவர்கள் செய்து பார்த்திருக்க முடியாதே?

#8 தராசு

வழக்கறிஞர், இதே துறை. கனடாவின் சில்டெனாஃபில் வழக்கைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை, வாசல்படி கேட்டது அச்சு அசலாக அதுதான்.

வயாகரா காப்புரிமையில் முதல் கிளைமுக்குள் 260 க்விண்டில்லியனுக்கும் அதிகமான சேர்மங்கள் அடங்கும். அதாவது 260-க்குப் பின்னால் பதினெட்டு சுழியங்கள். அடுத்தடுத்த கிளைம்களில் வட்டம் சுருங்கிக்கொண்டே வந்து, கடைசி இரண்டில் தனித்தனியாக ஒவ்வொரு சேர்மம். அந்த இரண்டில் ஒன்றுதான் சில்டெனாஃபில். ஃபைசருக்குத் தெரியும் வேலை செய்தது எது என்று. ஆனால் விவரணையில் எந்த இடத்திலும் "இதுதான் அது" என்று சொல்லவில்லை. படிப்பவர் தானே சோதித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். 2012 நவம்பரில் கனடா உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது: உனக்குத் தனியுரிமை கொடுப்பது நீ கண்டுபிடித்ததை உலகத்துக்குச் சொல்வதற்காக, சொல்லாமல் மறைத்தால் அந்தப் பேரம் இல்லை. எதிர்த்து நின்ற ஜெனரிக் நிறுவனமான டேவா வென்றது. (மேற்கோள் குறி போடவில்லை, என் வார்த்தைகளில் சாரத்தைச் சொல்கிறேன்.)

அமெரிக்காவில் 2023-இல் ஆம்ஜென் எதிர் சனோஃபி. கொழுப்பைக் குறைக்கும் எதிர்ப்பொருள்கள் (ஆன்டிபாடிகள்). இருபத்தாறு எதிர்ப்பொருள்களின் அமினோ அமில வரிசையைக் கொடுத்துவிட்டு, அதே இடத்தில் ஒட்டி அதே வேலை செய்யும் எல்லாவற்றுக்கும் ஆம்ஜென் உரிமை கேட்டது. உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில், கேட்கும் அளவுக்குக் கற்றுக்கொடுக்கவும் வேண்டும், மற்றவர்களை வெறுமனே தேடிப் பார்த்துக்கொள்ளச் சொல்வது போதாது என்றார்கள்.

ஆனால் கவனியுங்கள். உங்கள் ஒன்பதாவது கிளைம் தனியாக அந்த உப்பைச் சொல்கிறது என்றால் முதல் கிளைம் விழுந்தாலும் ஒன்பது நிற்கக்கூடும். கிளைம் ஒவ்வொன்றும் தனித் தனி. நீங்கள் உடைக்க வேண்டியது ஒன்பதை.

#9 அலமாரி

நான் நூலகப் பணியில் இருப்பவள், அதனால் என் பங்குக்கு ஒரு விஷயம். பழைய ஆவணம் கிடைத்தாலே வென்றுவிட்டோம் என்று பலர் நினைக்கிறார்கள். அது குறிப்பிட்ட தேதியில் பொதுமக்கள் கையில் கிடைக்கும்படி இருந்தது என்று நிரூபிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

ஒருமுறை ஒரு வழக்குக்காக எங்கள் சேமிப்பறையிலிருந்து ஒரு முனைவர் பட்ட ஆய்வேட்டை எடுத்துக் கொடுத்தேன். பட்டம் கொடுத்த வருடம் அட்டையில் இருந்தது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்டது ஒன்றே ஒன்று: அலமாரிக்கு எப்போது வந்தது? பின்னட்டையின் உட்புறத்தில் ஒட்டியிருந்த தேதிச் சீட்டில் முதல் முத்திரை மங்கிப்போயிருந்தது, மாதம் தெரிகிறது, நாள் தெரியவில்லை. சேர்க்கைப் பதிவேட்டைத் தூசி தட்டி எடுத்தோம், கையால் எழுதிய வரிசை எண், பக்கத்தில் தேதி, அதற்குக் கீழே அட்டவணைப்படுத்தியவரின் சுருக்கொப்பம். அந்த ஒரு வரிக்காக நான் பிரமாணப் பத்திரம் எழுதிக் கொடுத்தேன். முன்னுரிமைத் தேதிக்குப் பத்து வாரம் முன்னால் இருந்தது. பத்து வாரம்!

1986-இல் அமெரிக்காவில் ஹால் என்பவரின் விண்ணப்பத்தில் இதே கேள்வி வந்தது. ஜெர்மனியின் ஃப்ரைபர்க் பல்கலைக்கழக நூலகத்தில் ஒரு நொதியைப் பற்றிய ஒரே ஒரு ஆய்வேட்டுப் பிரதி. அது எந்த நாளில் அட்டவணையில் ஏறியது என்று துல்லியமாகச் சொல்ல முடியவில்லை. நூலகர் தங்கள் வழக்கமான நடைமுறை என்ன, எத்தனை நாளில் ஏற்றுவோம் என்று எழுதிக் கொடுத்தார். அதுவே போதும் என்று நீதிமன்றம் ஏற்றது.

அதனால் வாசல்படி, ஏதாவது கட்டுரை கிடைத்தால் இணையப் பிரதியோடு நின்றுவிடாதீர்கள். அச்சுப் பிரதி வைத்திருக்கும் நூலகத்துக்கு எழுதுங்கள். மாநாட்டுச் சுவரொட்டி, மாநாட்டு ஆய்வுகளின் சுருக்கங்களைத் தொகுத்த சுருக்க மலர், பழைய விற்பனைப் பட்டியல், மருந்துச் சோதனைக்குப் பதிந்த குறிப்பு, எல்லாமே கணக்கில் வரும். எங்களைப் போன்றவர்கள் கடிதத்துக்குப் பதில் போடுவோம், மெதுவாகத்தான் போடுவோம், ஆனால் போடுவோம்.

#10 சிறுதுளி

இதைப் படித்துக் கண் கலங்கிவிட்டது. ஒரு முத்திரைக்குப் பின்னால் இவ்வளவு பேர்.

எனக்கு இன்னொன்று தெரிய வேண்டும். நோயாளி நேரடியாகப் போக முடியுமா, அல்லது மருந்து நிறுவனம்தான் போக வேண்டுமா?

#11 தராசு

நாட்டுக்கு நாடு மாறும். சுருக்கமாக எழுதப் பார்க்கிறேன், இந்தப் பகுதி அலுப்பானதுதான், ஆனால் வழி தவறினால் வருடக்கணக்கில் வீண்.

பொதுவாக மூன்று வாசல்கள். காப்புரிமை அலுவலகத்திலேயே எதிர்ப்பு, நீதிமன்றத்தில் நேரடி ரத்து மனு, இல்லையென்றால் காப்புரிமையை மீறிவிட்டாய் என்று காப்புரிமைக்காரரே மீறல் வழக்கு போடட்டும் என்று இருந்து, போட்டதும் "நீ வைத்திருக்கும் காப்புரிமையே செல்லாது" என்று எதிர்வழக்கு. ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தில் யார் வேண்டுமானாலும் எதிர்க்கலாம், ஆனால் வழங்கிய ஒன்பது மாதத்துக்குள். அந்த ஒன்பது மாதம் போய்விட்டால் நாடு நாடாகப் போக வேண்டும், அல்லது 2023 ஜூன் 1 முதல் செயல்படும் ஒருங்கிணைந்த காப்புரிமை நீதிமன்றம். ஜெர்மனியில் மீறலை ஒரு நீதிமன்றம் விசாரிக்கும், செல்லுபடியை வேறு நீதிமன்றம் விசாரிக்கும். மீறல் தீர்ப்பு முந்திக்கொண்டு வந்து, பின்னால் செல்லாது என்று ஆகிவிடக்கூடிய காப்புரிமைக்காக மருந்து தடைபட்டுக் கிடக்கும் காலமும் வரலாம். அமெரிக்காவில் 2012 முதல் காப்புரிமை அலுவலகத்தின் வாரியத்திலேயே மறுஆய்வு கேட்கலாம். அங்கே அந்தத் "தெளிவான, உறுதியான" அளவுகோல் கிடையாது, எந்தப் பக்கம் கனம் கூடுதல் என்று பார்ப்பார்கள். ஆனால் அச்சில் வந்த ஆவணங்களையும் பழைய காப்புரிமைகளையும் மட்டுமே காட்டலாம்.

இந்தியாவில் வழங்குவதற்கு முன் யார் வேண்டுமானாலும் எதிர்க்கலாம். வழங்கிய பிறகு ஓராண்டுக்குள் எதிர்க்க வேண்டுமானாலும், 64-ஆம் பிரிவில் ரத்து கேட்க வேண்டுமானாலும் "அக்கறையுள்ள நபர்" என்று காட்ட வேண்டும். ஒரே ஆள் எல்லா வாசலிலும் ஒரே நேரத்தில் நிற்க முடியாது என்று 2014-இல் அலாய்ஸ் வொப்பன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

நோயாளிகள் போயிருக்கிறார்கள். காசநோய் மருந்து பெடாகுலினின் ஃபியூமரேட் உப்புக்கு ஜான்சன் அண்ட் ஜான்சன் இந்தியாவில் இரண்டாவது காப்புரிமை கேட்டது. காசநோயிலிருந்து மீண்ட இரண்டு பெண்கள், ஒருவர் இந்தியர், ஒருவர் தென்னாப்பிரிக்கர், எதிர்ப்பு மனு போட்டார்கள். 2023 மார்ச்சில் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது, அதே வருடம் ஜூலையில் மூலக்கூறின் காப்புரிமையும் முடிந்தது. அது அலுவலகத்தில் நடந்தது, நீதிமன்றத்தில் இல்லை. ஆனாலும் கேட்டீர்களே, அதற்குப் பதில் இது.

#12 உரைகாரர்

தராசு விட்டது ஒன்று: பெரும்பாலான மருந்து வழக்குகள் இறுதித் தீர்ப்பு வரை போவதே இல்லை, இடைக்காலத் தடையிலேயே முடிவு தெரிந்துவிடும். அந்தக் கட்டத்தில் எதிர்ப்பவர் காப்புரிமையை முழுக்க உடைத்துக் காட்ட வேண்டியதில்லை, நம்பத்தக்க சந்தேகத்தை எழுப்பினால் போதும் என்பதுதான் இந்திய நீதிமன்றங்கள் பொதுவாகப் பார்க்கும் அளவுகோல்.

நீரிழிவு மருந்து டாபாகிளிஃப்ளோசின் வழக்கில் அஸ்ட்ராஜெனெகாவுக்கு நேர்ந்தது அதுதான். பரந்த வாய்பாட்டுக்கு ஒரு காப்புரிமை, அதற்குள் இருக்கும் அந்த ஒரு சேர்மத்துக்கு இன்னொன்று. முதலாவது 2020 அக்டோபரில் முடிந்தது. ஜெனரிக் நிறுவனங்கள் ஒரே மருந்தில் இரண்டையும் மீறிவிட்டன என்று அஸ்ட்ராஜெனெகா வழக்கு போட்டது. ஒரே மருந்து இரண்டையும் மீறுகிறது என்றால் அது முதலாவதிலேயே இருந்தது என்று நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள் என்று டெல்லி உயர் நீதிமன்றம் கேட்டது. 2021 ஜூலையில் மேல்முறையீட்டைக் கேட்ட இரு நீதிபதிகள் கொண்ட டிவிஷன் பெஞ்சும் தடை தர மறுத்தது. என் பக்கத்து ஆட்கள் இதை இன்றும் ஏற்கவில்லை, பரந்த வாய்பாட்டுக்குள் அடங்குவது வேறு, அதில் வெளிப்படையாகச் சொல்லியிருப்பது வேறு என்பது எங்கள் வாதம். நான் இன்றும் அந்த வாதத்தை நம்புகிறேன். ஆனால் மனுவில் எழுதிய ஒரு வரி எப்படித் திரும்பி வந்து அடிக்கும் என்பதை எங்கள் அலுவலகத்தில் புதிதாக வரும் ஒவ்வொருவருக்கும் இதை வைத்துத்தான் சொல்லிக் கொடுக்கிறேன்.

#13 குடுவை

நிபுணர் சாட்சியைப் பற்றி யாரும் பேசவில்லையே. ஆவணம் தானாகப் பேசாது. அந்தத் தேதியில் இந்தத் துறையில் சாதாரணத் திறமையுள்ள ஒருவர் இதைப் படித்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று ஒருவர் கூண்டில் ஏறிச் சொல்ல வேண்டும். சாதாரணத் திறமை என்பதைக் கவனியுங்கள். நோபல் பரிசு வாங்கியவரைக் கூட்டிவந்தால், "உங்களுக்குத் தோன்றியிருக்கும், மற்றவர்களுக்கு?" என்று ஒரே கேள்வியில் இறக்கிவிடுவார்கள்.

நான் உதவிக்கு இருந்த ஒரு குறுக்கு விசாரணையில் எங்கள் பேராசிரியர் இரண்டு நாள் மிக நன்றாகச் சொன்னார். மூன்றாம் நாள் அவர் பல வருடத்துக்கு முன் எழுதிய ஒரு மதிப்பீட்டுக் கட்டுரையை நீட்டினார்கள். அதில் "உப்புத் தேர்வு இன்னும் அனுபவத்தால் மட்டுமே நடக்கிறது, முன்கூட்டிக் கணிக்க இயலாது" என்று அவரே எழுதியிருந்தார். அறை அமைதியாகிவிட்டது. அவர் பொய் சொல்லவில்லை, கணிக்க முடியாது என்பதும் உண்மை, சோதித்துப் பார்ப்பது வழக்கமான வேலை என்பதும் உண்மை. ஆனால் அதை அந்த நிமிடத்தில் விளக்க அவருக்கு வார்த்தை வரவில்லை. அன்றிலிருந்து, சாட்சியைத் தேடும் முன் சாட்சி எழுதிய எல்லாவற்றையும் படித்துவிடுவேன்.

சோதித்துப் பார்ப்பது வழக்கமான வேலைதான் என்பதை மிக நன்றாகச் சொன்ன தீர்ப்பு வேண்டுமானால் 2019-இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றத்தின் டாடாலாஃபில் தீர்ப்பைப் படியுங்கள். 5 மில்லிகிராம் அளவுக்கு வாங்கிய காப்புரிமை. மருந்து தெரியும், அளவைக் குறைத்தாலும் பலன் பெரிதாகக் குறையவில்லை என்று வழக்கமான சோதனையிலேயே தெரிந்திருக்கும், அதைப் பார்த்தவர்கள் இன்னும் குறைத்துப் பார்த்திருப்பார்கள் என்றார்கள். கடைசியில் கிடைத்த பலன் எதிர்பாராததாக இருந்தாலும் அங்கே கொண்டுபோன பாதை வழக்கமானது என்பதால் காப்புரிமை விழுந்தது.

#14 சிறுதுளி

சமரசம் செய்துகொண்டால்? எங்கள் மருந்துக்கு ஒரு நிறுவனம் வழக்கு போட்டது, திடீரென்று இருவரும் பேசி முடித்துக்கொண்டார்கள் என்று செய்தி வந்தது, அப்புறம் ஒன்றுமே நடக்கவில்லை.

#15 தராசு

மனசுக்குக் கஷ்டமான பகுதி இது. எதிர்த்தவர் விலகிக்கொண்டால் காப்புரிமை செல்லுமா என்ற கேள்விக்குப் பதிலே வராது, காப்புரிமை அப்படியே நிற்கும். அமெரிக்காவில் 1984-ஆம் ஆண்டின் ஹாட்ச்-வாக்ஸ்மன் சட்டத்தில், முதலில் எதிர்க்கும் ஜெனரிக் நிறுவனத்துக்கு 180 நாள் தனிச் சந்தை என்று பரிசே வைத்திருக்கிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் காப்புரிமைக்காரரே எதிர்த்தவருக்குப் பணம் கொடுத்து "தாமதமாக வா" என்று ஒப்பந்தம் போடும் வழக்கம் வளர்ந்தது. 2013-இல் ஆக்டாவிஸ் வழக்கில், அப்படிப் பெரிய தொகை கைமாறினால் போட்டிச் சட்டத்தின் கீழ் கேள்வி கேட்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது.

ஒருவர் சமரசம் செய்துகொண்டதால் மற்றவர்களின் கை கட்டப்படுவதில்லை. வேறொருவர் அதே ஆவணத்தோடு வரலாம். அதனால்தான் தேடிக் கிடைத்ததை வெளியில் வைக்க வேண்டும் என்று நான் எப்போதும் சொல்வேன், பூட்டி வைத்த ஆவணம் பூட்டியவரோடு போய்விடும்.

#16 வாசல்படி

நான்கு வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். அலமாரி அக்கா சொன்னபடி தேடினேன். ஒரு பழைய மாநாட்டுச் சுருக்க மலரில், முன்னுரிமைத் தேதிக்கு ஒரு வருடத்துக்கு முன்பே, அதே மூலக்கூறை ஆறு உப்புகளாகச் செய்து கரைதிறனை அட்டவணையில் போட்டிருக்கிறார்கள். நான்காவது வரி எங்கள் ஒன்பதாவது கிளைமில் இருக்கும் உப்பு. கைப்பேசியில் எடுத்த படத்தைப் பெரிதாக்கி அக்காவிடம் காட்டினேன். அவருக்கு வேதியியல் தெரியாது, அந்த வரியின் மேல் விரலை வைத்துக்கொண்டே இருந்தார்.

மலரின் பிரதி இரண்டு நூலகங்களில் இருக்கிறது. ஒன்றுக்கு எழுதிவிட்டேன். இதை இனி என்ன செய்வது?

#17 குடுவை

முதலில் வாழ்த்து. அப்புறம் இரண்டு விஷயம். அந்த வரியில் உப்பின் பெயர் மட்டும் இருக்கிறதா, செய்முறையும் இருக்கிறதா? பெயர் மட்டும் என்றால் அதைப் படித்தவர் செய்திருக்க முடியாது என்று வாதிடுவார்கள். அப்போது அன்றைய தேதியில் அந்த உப்பைச் செய்யும் வழக்கமான முறை எந்தப் பாடநூலில் இருந்தது என்று நாம் காட்ட வேண்டும், அதை நான் தேடித் தருகிறேன். இரண்டாவது, கிளைமில் "படிக வடிவிலான" என்று ஒரு சொல் இருக்கிறதா பாருங்கள். அந்த ஒரு சொல்லில் முழு வழக்கும் மாறிவிடும்.

#18 உரைகாரர்

காப்புரிமை அலுவலகத்தில் இருக்கும் விசாரணைக் கோப்பையும் எடுங்கள், பல நாடுகளில் இணையத்திலேயே கிடைக்கும். பரிசோதகர் இந்த மலரைப் பார்த்திருக்கிறாரா என்று அதில் தெரியும். பார்க்கவில்லை என்றால் உங்கள் பக்கம் கனம் கூடும். நான் எதிர்ப்பக்கம் என்று முன்பே சொன்னேன், ஆனால் ஏற்கெனவே அச்சில் இருந்ததற்கு யாரும் காப்புரிமை வைத்திருக்கக்கூடாது, அதில் எனக்கும் உங்களுக்கும் வேறுபாடு இல்லை.

#19 வாசல்படி

கிளைமில் "படிக" என்ற சொல் இல்லை, இப்போதுதான் மறுபடி பார்த்தேன். வெறும் உப்பின் பெயர் மட்டும்தான். மலரில் அட்டவணைக்குக் கீழே சின்ன எழுத்தில் இரண்டு வரி செய்முறை மாதிரி ஏதோ இருக்கிறது, படம் மங்கல். நூலகத்திலிருந்து நல்ல பிரதி வந்ததும் முகப்புப் பக்கம், முத்திரை, அட்டவணை மூன்றையும் இங்கேயே போடுகிறேன்.

#20 அலமாரி

முத்திரை பின்னட்டையின் உட்புறத்தில்கூட இருக்கும், அதையும் படம் எடுக்கச் சொல்லி எழுதுங்கள். சேர்க்கைப் பதிவேட்டு எண்ணையும் கேளுங்கள்.